உதவித்தொகை கொடுத்த ஃபிரட்டர்னிட்டியில் மகன் சேரலாமா?

வாசகி கேள்வி:

நாங்கள் இலினாய் மாநிலத்தில் வசிக்கிறோம். மகன் அரசுப் பல்கலைக்கழகம் ஒன்றில் முதலாண்டு மெக்கானிக்கல் இன்ஜினியரிங் படிக்கிறான். முதல் செமஸ்டரில் 16 கிரெடிட் (பாடங்களின் அளவுக் கணக்கு) எடுத்தான், ஜி.பி.ஏ. (நாலுக்குக் கணக்கிடும் கிரேடு சராசரி) 3.32. பல்கலைக்கழகமே ஆண்டுக்கு 8,000 டாலர் மெரிட் உதவித்தொகை தருகிறது. அது தொடர வேண்டுமானால் ஆண்டு முடிவில் மொத்த ஜி.பி.ஏ. 3.25க்குக் குறையக் கூடாது. போன கோடையில், காலேஜ் தொடங்குவதற்கு முன்பே, ஒரு ஃபிரட்டர்னிட்டியின் (ஆண் மாணவர் சங்கத்தின்) சாப்டர், அதாவது இந்தக் கேம்பஸில் உள்ள கிளை, அவனுக்கு 500 டாலர் உதவித்தொகை கொடுத்தது. இப்போது அதே சாப்டர் அவனுக்கு 'பிட்', அதாவது சேரச் சொல்லி அழைப்பு, கொடுத்திருக்கிறது. பத்து நாளில் பதில் சொல்ல வேண்டுமாம். "எங்களுக்குப் படிப்புதான் முதல். சேரக் குறைந்தது 2.75 வேண்டும். எங்கள் சாப்டர் சராசரி 3.21, கேம்பஸ் ஆண்கள் சராசரி 3.12" என்று அச்சடித்த தாள் ஒன்றும் கொடுத்திருக்கிறார்கள். "படிக்கச் சொல்லிப் பணம் கொடுக்கறவங்களையே சந்தேகப்படறீங்களே" என்கிறான் மகன். கணவருக்கோ ஃபிரட்டர்னிட்டி என்றாலே குடியும் ராகிங்கும்தான். பணத்தை வாங்கிவிட்டதால் சேர்ந்துதான் ஆக வேண்டுமா? அந்தத் தாளை நம்பலாமா?

பி.கு.: அவன் அறைத்தோழன் மதுரைப் பையன், எஃப்-1 மாணவர் விசாவில் வந்தவன். அவனுக்கும் அதே 500 டாலர் கிடைத்தது. விசாவுக்கு ஏதும் சிக்கல் வருமா?

ஆலோசகர் பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

முதலில் 500 டாலர் விஷயத்தை முடித்துவிடுவோம். அதை வாங்கியதால் சேர வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. புதிதாக வரும் மாணவர்களுக்குச் சாப்டர்கள் இப்படிப் பணம் கொடுப்பது பழகிப்போன ஏற்பாடு. சிக்மா ஃபை எப்சிலான் அமைப்பின் 'பேலன்ஸ்டு மேன்' உதவித்தொகையும், பீட்டா தீட்டா பையின் 'மென் ஆஃப் பிரின்சிபிள்' உதவித்தொகையும் இந்த வகைதான். உறுப்பினராக இல்லாதவர்களும் விண்ணப்பிக்கலாம், வாங்கிய பிறகு சேராமலும் இருக்கலாம். சாப்டருக்கு இதில் என்ன லாபம் என்றால், நல்ல மதிப்பெண்ணும் விளையாட்டும் தொண்டும் சேர்ந்த பையன்களின் பெயர்ப் பட்டியல் ஒன்று கோடையிலேயே கைக்கு வந்துவிடுகிறது. விண்ணப்பம் போட்ட நூறு பேரில் இரண்டு மூன்று பேருக்குப் பணம் கொடுத்தாலும், நூறு பேரின் தொலைபேசி எண்ணும் ரஷ், அதாவது ஆள் சேர்க்கும் காலம், தொடங்கும்போது அவர்களிடம் இருக்கும். ஆள் சேர்ப்பதற்கான செலவு இது. அதில் தப்பொன்றும் இல்லை, பணமும் நல்ல பணம்தான். நன்றிக்கடன் என்று மட்டும் மகன் நினைக்க வேண்டாம். விண்ணப்பத்தில் "சேர்ந்தால்தான் இரண்டாம் தவணை" என்பது போன்ற வரி இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் இருக்காது.

இனி நிஜமான கணக்குக்கு வருவோம். உங்கள் வீட்டில் ஆபத்தில் இருப்பது மூன்று ஆண்டுக்கு 8,000 வீதம் 24,000 டாலர். சாப்டர் சொல்லும் 2.75க்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. மகனுக்கு உரிய எல்லைக்கோடு 3.25தான்.

16 கிரெடிட்டில் 3.32 என்றால் அவர் கையில் இருப்பது சுமார் 53.1 கிரேடு புள்ளிகள். இரண்டாம் செமஸ்டரான ஸ்பிரிங்கிலும் 16 கிரெடிட் எடுத்தால் மொத்தம் 32. அதில் 3.25 நிற்க 104 புள்ளிகள் வேண்டும். ஆக இந்த செமஸ்டரில் 50.9 புள்ளிகள், அதாவது 3.18 எடுத்தாக வேண்டும். முதல் செமஸ்டரைவிட 0.14 குறையலாம், அதற்கு மேல் இடமில்லை. ஒரே ஒரு நாலு கிரெடிட் பாடத்தில் பி பிளஸ் வர வேண்டிய இடத்தில் சி பிளஸ் வந்தால் நாலு புள்ளி போய்விடும். அந்த 0.14 முழுதும் சேர்த்தே வெறும் 2.2 புள்ளிதான். மெக்கானிக்கலில் முதலாண்டு ஸ்பிரிங் என்றால் பெரும்பாலும் இரண்டாம் கால்குலஸும் இயற்பியலும் ஒன்றாக வரும், சில இடங்களில் ஸ்டாட்டிக்ஸும் சேர்ந்துகொள்ளும். முதல் செமஸ்டரைவிட இது கடினம்.

ஃபிரட்டர்னிட்டியில் சேர்வது மதிப்பெண்ணை எவ்வளவு பாதிக்கும் என்பதற்கு இரண்டு ஆய்வுகளைச் சொல்லலாம். நியூயார்க் மாநிலத்து யூனியன் கல்லூரியைச் சேர்ந்த பொருளாதார ஆய்வாளர்கள் 2018இல் வெளியிட்ட ஆய்வில், உறுப்பினராவது ஜி.பி.ஏ.வைச் சராசரியாகக் கால் புள்ளி குறைக்கிறது என்றும், பிற்கால வருமானத்தைச் சுமார் 36 விழுக்காடு கூட்டுகிறது என்றும் கண்டார்கள். ஒஹையோ மாநிலத்து மயாமி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இருவர் வேறு வழியில் போனார்கள். ஒரு பெரிய அரசுப் பல்கலைக்கழகத்தில், குறைந்தபட்ச ஜி.பி.ஏ. விதியால் சேர முடியாமல் போனவர்களையும், அந்தக் கோட்டுக்குச் சற்று மேலே இருந்ததால் சேர முடிந்தவர்களையும் ஒப்பிட்டார்கள். அவர்களுக்கும் மதிப்பெண் குறைவது தெரிந்தது. வருமானக் கூடுதலுக்கு மட்டும் ஆதாரம் கிடைக்கவில்லை. ஆகவே "பின்னால் நல்ல வேலை கிடைக்கும், காண்டாக்ட் கிடைக்கும்" என்ற வாதம் இன்னும் தீராத வழக்கு. மதிப்பெண் குறையும் என்பதில் இருவருக்கும் கருத்து வேற்றுமை இல்லை.

அந்தக் கால் புள்ளியை உங்கள் மகனுக்குப் போட்டுப் பாருங்கள். 3.32இலிருந்து 0.25 போனால் 3.07. இரண்டு செமஸ்டருக்கும் சேர்த்துச் சராசரி 3.19 அல்லது 3.20. உதவித்தொகை போயிற்று. சராசரி எல்லாருக்கும் அப்படியே பொருந்தாது என்பது உண்மைதான். ஆனால் சராசரி விளைவே கோட்டைத் தாண்ட வைக்கும் நிலையில், இந்த செமஸ்டரில் சேர்வது எனக்குச் சரியாகப் படவில்லை.

அதற்காக "எப்போதும் கூடாது" என்று கணவர் சொல்வதையும் நான் ஏற்கவில்லை. அடுத்த ஃபாலில், அதாவது இரண்டாம் ஆண்டின் முதல் செமஸ்டரில், சேரலாம். பிட்டை மறுத்தால் கதவு அடைந்துவிடும் என்று பையன்கள் நினைத்துக்கொள்கிறார்கள். நல்ல சாப்டர் இரண்டாம் ஆண்டு மாணவரைச் சந்தோஷமாக எடுத்துக்கொள்ளும். டார்ட்மத் கல்லூரியில் இரண்டாம் ஆண்டுக்கு முன் யாருமே சேர முடியாது. 12 கிரெடிட்டாவது முடித்து, குறிப்பிட்ட ஜி.பி.ஏ. காட்டினால்தான் ரஷ்ஷுக்கே வரலாம் என்று வைத்திருக்கும் பல்கலைக்கழகங்களும் உண்டு. "என் மெரிட் உதவித்தொகைக்கு 3.25 வேண்டும், ஃபாலில் வருகிறேன்" என்று மகன் சொல்லிப் பார்க்கட்டும். "படிப்புதான் முதல்" என்று தாள் அச்சடித்தவர்கள் அதற்கு என்ன முகம் காட்டுகிறார்கள் என்பதிலேயே உங்கள் பாதிக் கேள்விக்கு விடை இருக்கிறது.

இனி அந்தத் தாள். அதில் உள்ள எண்கள் பொய்யாக இருக்க வாய்ப்புக் குறைவு, ஏனென்றால் ஃபிரட்டர்னிட்டிகளைக் கவனிக்கும் பல்கலைக்கழகத்தின் கிரீக் லைஃப் அலுவலகம் ஒவ்வொரு செமஸ்டரும் கிரேடு ரிப்போர்ட் ஒன்றைத் தன் இணையதளத்தில் போடும் வழக்கம் பரவலாக உண்டு. சாப்டர் வாரியாக உறுப்பினர் எண்ணிக்கை, சாப்டர் சராசரி, புதிய உறுப்பினர் சராசரி, பழைய உறுப்பினர் சராசரி, கீழே அனைத்து ஃபிரட்டர்னிட்டி சராசரி, அனைத்து ஆண் மாணவர் சராசரி என்று அட்டவணை இருக்கும். நீங்கள் தேட வேண்டியது அந்த மூலத்தை. தாளில் இருப்பது அதிலிருந்து பொறுக்கி எடுத்த இரண்டு எண்கள் மட்டுமே.

3.21க்கும் 3.12க்கும் உள்ள வித்தியாசம் சாப்டர் படிக்க வைத்ததால் வந்ததென்று நினைத்துவிட வேண்டாம். 2.75க்குக் கீழே இருப்பவர்களை வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். ஆண்கள் சராசரியிலோ 1.8 எடுத்துத் தத்தளிப்பவரும் உண்டு, பாதியில் வகுப்புக்கு வராமல் நின்றவரும் உண்டு. வடிகட்டிய கூட்டத்தை வடிகட்டாத கூட்டத்தோடு ஒப்பிட்டால் சும்மா இருந்தாலே மேலேதான் நிற்கும். அப்படி வடிகட்டியும் வெறும் 0.09தான் மேலே இருக்கிறார்கள் என்றால், என் கணக்கில் அது பெருமைப்படும் எண் அல்ல.

உங்களுக்கு வேண்டிய எண் அந்தத் தாளில் இல்லாத ஒன்று: புதிய உறுப்பினர் சராசரி. போன ஸ்பிரிங், அதற்கு முந்தைய ஸ்பிரிங், முடிந்தால் நாலைந்து செமஸ்டருக்குப் பாருங்கள். சாப்டர் மொத்தம் 3.21 இருந்து புதியவர்கள் 2.9இல் இருந்தால், சேரும் செமஸ்டரில் பையன்களைப் பிழிந்தெடுக்கிறார்கள் என்று பொருள். புதியவர்களும் பழையவர்களும் ஏறக்குறைய ஒரே அளவில் இருந்தால் நல்ல அறிகுறி. உறுப்பினர் எண்ணிக்கையையும் கவனியுங்கள். 15 பேர் சாப்டரில் இரண்டு பேர் கவிழ்ந்தாலே சராசரி ஆடிவிடும். 90 பேர் சாப்டரில் சராசரி ஆடினால் அதற்குக் காரணம் பெரிதாக இருக்கும். செமஸ்டர் நடுவே விலகியவர்களும் நீக்கப்பட்டவர்களும் பட்டியலில் பெரும்பாலும் இருக்க மாட்டார்கள் என்பதால் ரிப்போர்ட் கொஞ்சம் அழகாகத்தான் தெரியும். யார் என்ன படிக்கிறார்கள் என்பதும் முக்கியம். சாப்டரில் பெரும்பாலோர் வணிகவியல் மாணவர்களாக இருந்து, இன்ஜினியரிங் பையன்கள் நாலே பேர் என்றால், 3.21 உங்கள் மகனைப் பற்றி ஒன்றும் சொல்லாது. அந்த நாலு பேரின் கிரேடு எப்படி என்று அவரே நேரில் கேட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

சாப்டரின் விதி பெரும்பாலும் மூன்று அடுக்கு. சேர ஒரு ஜி.பி.ஏ., உறுப்பினராகத் தொடர ஒன்று, பொறுப்பு வகிக்க ஒன்று. இவற்றை மீறினால் என்ன நடக்கும் என்பது தலைமையகத்தின் விதிப்புத்தகத்திலும் சாப்டரின் துணை விதிகளிலும் எழுதியிருக்கும். பொதுவாக முதல் முறை கல்விக் கண்காணிப்பு, பார்ட்டிகளுக்குத் தடை, பொறுப்பிலிருந்து நீக்கம். இரண்டாவது முறையும் ஏறவில்லை என்றால் உறுப்பினர் உரிமை நிறுத்தம். எழுத்தில் எல்லாரும் கண்டிப்பானவர்கள்தான். அதனால் "உங்கள் விதி என்ன" என்று கேட்பதில் பயனில்லை. "போன செமஸ்டரில் எத்தனை பேர் கோட்டுக்குக் கீழே போனார்கள், அவர்களை என்ன செய்தீர்கள்" என்று கேட்கச் சொல்லுங்கள். சாப்டரில் படிப்புக்கென்று ஸ்காலர்ஷிப் சேர் என்ற பொறுப்பாளர் ஒருவர் இருப்பார். "ஆறு பேர். இரண்டு பேர் ஏறிவிட்டார்கள், ஒருவர் வெளியேறினார், மூன்று பேர் இன்னும் பார்ட்டிக்கு வர முடியாது" என்று அவர் டக்கென்று சொன்னால் விதி உயிரோடு இருக்கிறது. "நாங்க எல்லாரும் பிரதர்ஸ், பார்த்துப்போம்" என்றால் இல்லை.

ஸ்டடி ஹவர்ஸ் என்று ஒன்றைப் பெருமையாகச் சொல்வார்கள். புதியவர்கள் வாரத்துக்கு இத்தனை மணி நேரம் நூலகத்தில் உட்கார்ந்து கையெழுத்துப் போட வேண்டும். கெட்டதில்லை, ஆனால் அது நாற்காலியில் உட்கார்ந்த நேரத்தை அளக்கிறதே தவிர படித்ததை அளப்பதில்லை. பிற்பகல் முழுக்கச் சாப்டர் வேலை, இரவு ஒன்பது முதல் பதினொன்று வரை கட்டாயப் படிப்பு, பிறகு ஏதோ 'ஒன்றுகூடல்' என்று போனால் காலை எட்டு மணி கால்குலஸ் வகுப்பில் தலை தொங்கும். நான் மதிப்பது வேறு மூன்றை. ஏழாவது எட்டாவது வாரத்தில், இடைத் தேர்வு முடிந்ததும், பாடவாரியாகக் கிரேடு கேட்கிறார்களா? கேட்டால்தான் பாடத்தை விலக்கிக்கொள்ளும் கடைசி நாளுக்கு முன்பே முடிவெடுக்க முடியும். செமஸ்டர் முடிந்து கேட்பது பிரேதப் பரிசோதனை. அடுத்து, அதே மேஜரில் மூன்றாம் நான்காம் ஆண்டு மாணவர் ஒருவரைப் புதியவருக்குத் துணையாகப் போடுகிறார்களா? மூன்றாவது, இறுதித் தேர்வுக்கு முந்தைய வாரத்தில் அந்த வீட்டில் நிஜமாகவே அமைதி நேரம் இருக்கிறதா? அதை ஒரு செவ்வாய் இரவு போய் நின்று பார்த்தாலே தெரிந்துவிடும்.

பழைய வினாத்தாள் சேமிப்பு என்று ஒன்று பல வீடுகளில் உண்டு. அலமாரியிலோ கூகுள் டிரைவிலோ வருஷக்கணக்கில் சேர்த்து வைத்திருப்பார்கள். ஆசிரியரே திருப்பிக் கொடுத்த, வெளியிட அனுமதித்த தாள் என்றால் பரவாயில்லை. ஆசிரியர் திரும்ப வாங்கிக்கொண்ட தேர்வின் படமோ, போன ஆண்டு வீட்டுப்பாட விடையோ என்றால் அது கல்வி ஒழுங்குமீறல். பிடிபட்டால் பாடத்தில் எஃப், கூடவே ஒழுங்கு நடவடிக்கை. அதை ஆவணத்தில் குறித்துவிட்டால் மெரிட் உதவித்தொகையும் ஆட்டம் காணும். "எல்லாரும் பார்க்கறாங்க" என்பது விசாரணையில் எடுபடாது.

ஒருவேளை மகன் இந்த செமஸ்டரே சேர்ந்து, மதிப்பெண் சறுக்கினால் என்ன செய்வது? முதலில் பாடத்தை விலக்கிக்கொள்ளத் தோன்றும். 12 கிரெடிட்டுக்குக் கீழே போனால் முழுநேர மாணவர் தகுதி போகும். சில மெரிட் உதவித்தொகைகள் ஆண்டுக்கு 30 கிரெடிட் முடிக்க வேண்டும் என்று தனியாகவும் சொல்லும், அந்தக் கடிதத்தை இன்றே எடுத்துப் படியுங்கள். "கோடையில் கம்யூனிட்டி காலேஜில் ஒரு பாடம் எடுத்து ஏற்றிக்கொள்கிறேன்" என்பது அடுத்த யோசனையாக வரும். இதில்தான் பல குடும்பங்கள் ஏமாறுகின்றன. வெளிக் கல்லூரியில் எடுத்த பாடத்தின் கிரெடிட் வந்து சேரும், கிரேடு பெரும்பாலும் ஜி.பி.ஏ.வில் சேராது. அங்கே ஏ வாங்கினாலும் 3.19 அப்படியே 3.19தான். ஏற்ற வேண்டுமானால் தன் பல்கலைக்கழகத்தின் கோடைப் பாடத்தைத்தான் எடுக்க வேண்டும், அந்தக் கிரேடு உதவித்தொகை மறு ஆய்வுக்கு முன் கணக்கில் வருமா என்பதையும் நிதி உதவி அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். மேல்முறையீடு என்ற வழி உண்டு. நோய், குடும்பத்தில் இழப்பு போன்றவற்றை ஏற்பார்கள். ஃபிரட்டர்னிட்டியில் நேரம் போய்விட்டது என்பதை ஏற்க மாட்டார்கள்.

உள்ளே போனால் உதவித்தொகை குவியும் என்று மகன் சொல்லக்கூடும். இருக்கிறது, ஆனால் எப்படி என்று தெரிந்துகொள்ளுங்கள். ஃபிரட்டர்னிட்டி என்ற அமைப்பு வரிச்சட்டத்தில் 501 சி 7 வகை, அதாவது உறுப்பினர்கள் கூடிப் பழகுவதற்கான சங்கம். உதவித்தொகை கொடுப்பதற்காக அதன் பக்கத்திலேயே 501 சி 3 என்ற தொண்டு அமைப்பு வகையில் கல்வி அறக்கட்டளை ஒன்று தனியாக இருக்கும். அங்கிருந்து வரும் தொகைக்கு நாடு முழுவதும் உள்ள உறுப்பினர்கள் போட்டியிடுவார்கள். டிரான்ஸ்கிரிப்ட், கட்டுரை, சாப்டர் ஆலோசகரின் பரிந்துரை எல்லாம் கேட்பார்கள். பெரும்பாலும் மூன்றாம் நான்காம் ஆண்டினருக்கும் மேற்படிப்புக்குப் போகிறவர்களுக்கும்தான் கிடைக்கும். சாப்டர் அளவில் கொடுப்பது அநேகமாகச் சந்தாத் தள்ளுபடி. மறுபக்கத்தில் செலவு: செமஸ்டர் சந்தா, புதிய உறுப்பினர் கட்டணம், சேர்ப்புச் சடங்குக் கட்டணம், காப்பீடு, வீட்டுக்கான பங்கு. இடத்தைப் பொறுத்து ஆண்டுக்குச் சில நூறு முதல் சில ஆயிரம் டாலர் வரை. நாலு ஆண்டுக்கான கட்டணப் பட்டியலை எழுத்தில் வாங்குங்கள். உதவித்தொகை வரும் என்று நினைத்துச் சேர்வது லாபக் கணக்கு அல்ல. பிடித்திருந்து சேர்ந்தால், எப்போதாவது வந்தால் வரட்டும்.

கிரேக்க எழுத்துப் பெயர் வைத்ததெல்லாம் ஒன்றல்ல என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். 1776இல் வில்லியம் அண்ட் மேரி கல்லூரியில் தொடங்கிய ஃபை பீட்டா கப்பா இன்று கலை, அறிவியல் மாணவர்களுக்கான கௌரவச் சங்கம். 1885இல் லீஹை பல்கலைக்கழகத்தில் தொடங்கிய டாவ் பீட்டா பை பொறியியலுக்கு உரியது. மூன்றாம் ஆண்டில் வகுப்பின் முதல் எட்டில் ஒரு பங்குக்குள்ளும், நான்காம் ஆண்டில் முதல் ஐந்தில் ஒரு பங்குக்குள்ளும் வருபவர்களைத்தான் அழைக்கும். அவர்களுக்கு உதவித்தொகைகளும் உண்டு. உங்கள் மகனுக்குப் 'படிப்பு அடையாளம்' வேண்டுமென்றால் அதுதான் குறி. அதற்கிடையில் தீட்டா டாவ் போன்ற தொழில்முறைப் பொறியியல் ஃபிரட்டர்னிட்டிகளும் உண்டு, ஆனால் அவற்றிலும் சேர்க்கைக் காலம், சந்தா, பார்ட்டி எல்லாம் இருக்கும். 'தொழில்முறை' என்ற பெயரை மட்டும் பார்த்து மதிப்பிடக் கூடாது.

கணவரின் பயம் வெறும் பயமல்ல. 2017இல் பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்திலும் லூயிசியானா மாநிலப் பல்கலைக்கழகத்திலும் புதிதாகச் சேர வந்த முதலிரண்டு ஆண்டு மாணவர்கள் குடிக்க வைக்கப்பட்டு இறந்தார்கள். "நம்ம ஊர்ப் பசங்க ஃபிரட்டர்னிட்டி என்றால் பரவாயில்லை" என்று தெற்காசிய, ஆசிய அமைப்புகளைப் பற்றிச் சில பெற்றோர் நினைப்பதுண்டு. 2013இல் நியூயார்க் பரூக் கல்லூரி மாணவர் ஒருவர் இறந்தது பை டெல்டா சை என்ற ஆசிய அமெரிக்க ஃபிரட்டர்னிட்டியின் சேர்க்கைச் சடங்கில்தான். அந்த வழக்கில் தேசிய அமைப்பே தண்டிக்கப்பட்டு, பென்சில்வேனியாவில் 10 ஆண்டுகள் செயல்படத் தடை விதிக்கப்பட்டது. இப்போது பார்ப்பதற்கு வழி இருக்கிறது. 2024 டிசம்பரில் கையெழுத்தான ஸ்டாப் கேம்பஸ் ஹேசிங் (ஹேசிங் என்றால் ராகிங்) சட்டப்படி, ராகிங் விதிமீறல் உறுதியான அமைப்புகளின் பட்டியலைப் பல்கலைக்கழகம் தன் இணையதளத்தில் வெளியிட வேண்டும். அந்தப் பக்கத்தில் சாப்டரின் பெயரைத் தேடுங்கள். மதிப்பெண்ணுக்கும் இதற்கும் நேரடித் தொடர்பு உண்டு. இரவில் எழுப்பி ஓட விடுகிற வீட்டில் யாரும் 3.18 எடுக்க முடியாது. சேர்க்கைக் காலம் எத்தனை வாரம், இரவில் எத்தனை மணி வரை அழைப்பார்கள் என்று கேட்பதில் கூச்சமே வேண்டாம். ஜீட்டா பீட்டா டாவ் 1989இலும் சிக்மா ஆல்ஃபா எப்சிலான் 2014இலும் முழு உறுப்பினராவதற்கு முந்தைய ப்ளெட்ஜ் காலத்தையே எடுத்துவிட்டதாக அறிவித்தன. ஆனால் தலைமையகம் எடுத்ததை ஒரு சாப்டர் ரகசியமாக வைத்திருக்கவும் முடியும். அதனால் அறிவிப்பைவிட அந்தக் கேம்பஸின் பட்டியலையே நம்புங்கள்.

கையெழுத்து விஷயங்கள் இரண்டு. சேரும்போது, கிரேடுகளைச் சாப்டருக்குக் காட்ட ஒப்புதல் படிவம் தருவார்கள். கல்விப் பதிவுகளின் ரகசியம் காக்கும் 1974ஆம் ஆண்டின் ஃபெர்ப்பா சட்டப்படி மாணவரின் அனுமதி இல்லாமல் அவருடைய தனிப்பட்ட கிரேடைப் பல்கலைக்கழகம் சாப்டருக்குக் கொடுக்கக் கூடாது. யார் பார்ப்பார்கள், எவ்வளவு காலத்துக்கு, எப்படி ரத்து செய்வது என்று படித்துக் கையெழுத்திடட்டும். வாட்ஸாப் குழுவில் எல்லார் ஜி.பி.ஏ.வையும் போடும் வழக்கம் இருந்தால் அது அந்த ஒப்புதலுக்குள் வராது. (பெற்றோருக்கும் அதே சட்டம்தான். அவர் தானாகக் காட்டினாலோ, உங்களுக்கென்று அனுமதி கொடுத்தாலோ பார்க்கலாம். வரிக் கணக்கில் அவர் உங்களைச் சார்ந்தவர் என்றால் அனுமதி இல்லாமலும் பல்கலைக்கழகம் காட்டலாம், ஆனால் காட்டியாக வேண்டும் என்றில்லை. 3.32 என்று உங்களிடம் சொல்லியிருக்கிறார் என்பதே நல்ல விஷயம்.)

இரண்டாவது, வீட்டு ஒப்பந்தம். இரண்டாம் ஆண்டில் சாப்டர் வீட்டில் தங்குவது பல இடங்களில் கட்டாயம், அதற்கான கையெழுத்தை முதலாண்டு ஸ்பிரிங்கிலேயே கேட்பார்கள். உறுப்பினர் உரிமையும் வாடகை ஒப்பந்தமும் தனித்தனி. மதிப்பெண் குறைந்து உரிமை நிறுத்தப்பட்டாலும் வாடகை நிற்காமல் போகலாம். பெற்றோரை ஜாமீன் கையெழுத்து கேட்டால், "கல்விக் காரணத்தால் உறுப்பினர் நீக்கப்பட்டால் ஒப்பந்தம் முடியும்" என்ற வரி இல்லாமல் போடாதீர்கள்.

ஏற்கெனவே வாங்கிய 500 டாலரை நிதி உதவி அலுவலகத்துக்குத் தெரிவித்திருக்கிறீர்களா? வெளி உதவித்தொகையைச் சொல்ல வேண்டியது கடமை. சொன்னால் சில பல்கலைக்கழகங்கள் தம் உதவியை அந்த அளவுக்குக் குறைக்கும். "எதிலிருந்து குறைப்பீர்கள், கடனிலிருந்தா, மானியத்திலிருந்தா" என்று மின்னஞ்சலில் கேட்டுப் பதிலை வைத்துக்கொள்ளுங்கள். கடனிலிருந்து குறைந்தால் உங்களுக்கு நட்டமில்லை. வரியைப் பொறுத்தவரை, டியூஷன், கட்டாயக் கட்டணம், பாடத்துக்குக் கட்டாயமான புத்தகம், கருவிகளுக்குப் போன பகுதிக்கு வரி இல்லை. அறை வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் போனால் வரிக்குரிய வருமானம். காசோலை மகன் பெயரில் நேராக வந்திருந்தால் புத்தக ரசீதுகளை எடுத்து வையுங்கள்.

மதுரைப் பையனுக்கு விசாச் சிக்கல் எதுவும் இல்லை. உதவித்தொகை சம்பளம் அல்ல, அதற்காக அவர் வேலை எதுவும் செய்யவில்லை. சாப்டரில் சேர்வதற்கும் எஃப்-1 தடையில்லை, முழுநேர கிரெடிட் குறையாமல் இருந்தால் போதும். அது அவருக்கு உதவித்தொகை மட்டுமல்ல, விசாத் தகுதியும் கூட, ஆகவே முழுநேர அளவுக்குக் கீழே போகும்படி பாடம் விலக்குவதற்கு முன் சர்வதேச மாணவர் அலுவலகத்தின் ஒப்புதல் கட்டாயம். பணம் டியூஷனுக்குப் போயிருந்தால் வரியில்லை. வரிக்குரிய பகுதி இருந்தால் எஃப் விசா மாணவருக்கு 14 விழுக்காடு பிடித்தம் செய்து, அதைக் காட்டும் 1042-எஸ் படிவம் தருவார்கள். அவர் வெளிநாட்டவருக்கான வரிக் கணக்குப் படிவமான 1040-என்.ஆர். தாக்கல் செய்யும்போது, இந்தியா - அமெரிக்கா வரி ஒப்பந்தத்தின் 21ஆம் பிரிவுப்படி இந்திய மாணவர்களுக்குள்ள நிலையான வரிக் கழிவான ஸ்டாண்டர்டு டிடக்‌ஷனைக் கேட்டால், வேறு வருமானம் பெரிதாக இல்லாத பட்சத்தில், பிடித்த தொகை திரும்ப வந்துவிடும். வருமானமே இல்லாவிட்டாலும் 8843 என்ற வரித்துறைப் படிவத்தை அவர் அனுப்பியாக வேண்டும், அதை மட்டும் நினைவூட்டுங்கள்.